மூன்று கண் மீன் போட்ட பரிசல்

சவரிமுத்து அண்ணன் போய்விட்டார் என்று பக்கத்துக் கடைக்காரர் போனில் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி: "அவரு கம்ப்யூட்டர் இப்ப யாருகிட்டங்க இருக்கு?" வெட்கக்கேடுதான். ஆனால் என் சந்தேகம் ஒரு வருடம் ஊறியது.

பாப்பாரப்பட்டியில் அவருடைய ஜெராக்ஸ் கடை உங்களுக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் நிலா சனிக்கிழமைதோறும் பொம்மையோடு அங்கே போய்விடுவாள். அவள் வரைவாள், அவர் கம்ப்யூட்டரில் ஏற்றி, கெட்டி அட்டையில் அச்சடித்து வெட்டுவார். கைப்பை, குடை, செருப்பு. அளவு டேப்பை எடுத்துக்கொண்டு பொம்மையிடமே பேசுவார்: "மேடம், கையக் கொஞ்சம் தூக்குங்க." கைப்பையின் வார் ஒரு நூல் குறைந்ததற்கு மறுபடி அச்சடித்தார்.

"பொம்மைக்குத்தானேங்கண்ணா" என்றேன்.

"அதனாலதாங்க. மத்தவங்கன்னா வந்து சண்டை போடுவாங்க. இதுக்கு வாயில்லீங்களே."

இவ்வளவு நல்லவராக ஒருவர் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

அவர்கள் செய்ததில் உசத்தி, பொம்மைப் பரிசல். எட்டு மடிப்பு, லேமினேஷன் செய்ததால் வாளியில் மிதந்தது. உள்ளே நிலா வரைந்த மூன்று கண் மீன். அதன் ஃபைலை எனக்கும் அனுப்பிவைத்தார்.

போன வருடம் மே மாதம் ஒகேனக்கல்லில் மச்சானின் மீன் வறுவல் கடைக்குப் போனோம். பக்கத்துப் பொம்மைக் கடையில் அதே பரிசல் வரிசையாகத் தொங்கியது. அதே மூன்று கண் மீன். "இது ஏதுங்க?" என்றேன். "தெரிஞ்சவங்க குடுத்தாங்க சார்." மச்சான் சட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அண்ணன் ஃபைலை விற்றுவிட்டார் என்று எனக்கு விளங்கிவிட்டது. நிலாவை அவர் கடைக்கு அனுப்புவதை நிறுத்தினேன்.

"பாப்பா வரலீங்களா? மேடத்துக்கு மழைக்கோட்டு பாதியில நிக்குது" என்றார் அண்ணன்.

"பரீட்சைங்க."

"ஜூன்லயாங்க?"

அதன்பின் அவர் கேட்கவே இல்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது அவர் மனைவி நிலாவிடம் ஒரு கவரைக் கொடுத்தார். உள்ளே மழைக்கோட்டு. பொம்மைக்கு அச்சாகப் பொருந்தியது. நிலா என்னைப் பார்த்து, "நான் போயிருந்தா அவரு கையாலயே போட்டுவுட்டிருப்பாரில்லப்பா?" என்றாள். நான் செருப்பைத் தேடினேன்.

கவரில் ஒரு துண்டுச்சீட்டும் இருந்தது. 'மேடம்' என்று தலைப்பிட்டு, தோள், கை, இடுப்பு அளவுகள், அவர் கையெழுத்தில். அதை நான் வைத்துக்கொண்டேன்.

இந்தக் கட்டுரையோடு போட அவர் படம் வேண்டுமென்று நேற்று என் போனைத் துழாவினேன். படம் இல்லை. பரிசல் ஃபைல் இருந்தது, போன வருடம் ஏப்ரலில் மச்சானுக்கு நான் அனுப்பியது. கீழே நானே அடித்த வரி: "எம்பொண்ணு டிசைன். யாருக்கு வேணும்னாலும் குடுங்க."