பம்ப் ரூமில் கொண்டைக்குருவிகள்

சவுதியில், அல் கோபாரில் எங்கள் ஃபோர்மேன், தன் மஃப்ளரில் ஐந்து கொண்டைக்குருவிகளைச் சுற்றிக்கொண்டு பம்ப் ரூம் வாசலில் வந்து நின்ற சாயங்காலம் இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. பரமக்குடிப் பக்கத்துக்காரர். கம்பெனிக் குடியிருப்பின் தோட்டம் முழுக்க அவர் பொறுப்பு. நான் பம்ப் ஆபரேட்டர். பிப்ரவரி பாதி தாண்டி, இனிக் குளிர் இல்லை என்று கம்பளியை மடித்து வைத்த பிறகு, வடகாற்று திரும்பி வந்து மூன்று நாள் எல்லோரையும் ஆட்டிவைத்தது.

"ஸ்பிரிங்க்ளரை நிறுத்த மறந்துட்டேன் தம்பி. வேலியில அடைஞ்சதெல்லாம் நனைஞ்சு போச்சு. மோட்டார் சூட்டுல கிடக்கட்டும்" என்றார்.

பம்ப் ரூமில் வேறு எதையும் வைக்கக்கூடாது என்பது இன்ஜினியரின் கண்டிப்பான உத்தரவு. எனக்கோ இரண்டு மாதத்தில் லீவு, தங்கை கல்யாணம். "இன்ஜினியர் பாத்தா என்னைய ஊருக்கு ஏத்திருவாருண்ணே. உங்க ரூம்லயே வச்சுக்கங்க" என்று கதவைச் சாத்திவிட்டேன். எட்டுப் பேர் நெருக்கிப் படுக்கும் அறையில் பறவைகளை விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வராந்தாவில் வைத்திருக்கிறார்.

காலையில் மூன்று செத்துக் கிடந்தன. அரளிச் செடியடியில் குழி தோண்டிப் புதைத்தார். நான் பக்கத்தில் போய் நின்றும் நிமிர்ந்து பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. இந்த வயதில் யோசித்தால் ஒன்று தோன்றுகிறது: அவர் தன் தப்பை வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டார். எனக்குத்தான் ஒரு ராத்திரி தேவைப்பட்டது.

டூட்டி முடிந்ததும் நானே போய், மீதி இரண்டையும் பெட்டியோடு தூக்கிவந்து மோட்டார் பக்கத்தில் வைத்தேன். சற்று நேரத்தில் அவர் குழைந்த சோறும் தண்ணீரும் எடுத்து வந்தார். வேலியோரம் விறைத்துக் கிடந்த நாலு சிட்டுக்குருவிகளையும் கொண்டுவந்தார்.

மறுநாள் காலை இன்ஜினியர் திடீரென்று உள்ளே வந்தார். பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். நான்தான் வைத்தேன், வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை என்று தெரிந்த இந்தியில் சொன்னேன்.

"தர்வாஜா பந்த் கரோ பாய், தண்டி ஹவா ஆ ரஹி ஹை" என்றார். குளிர்காற்று வருகிறது, கதவைச் சாத்து என்று என்னிடம் சொன்னவர், தானே அதைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

மதியம் காற்று அடங்கி வெயில் வந்தது. பெட்டியைப் புல்தரைக்குக் கொண்டுபோய்த் திறந்தோம். சிட்டுகள் சர்ரென்று போயின. கொண்டைக்குருவிகள் பெட்டி விளிம்பில் கொஞ்சம் யோசித்துவிட்டு, வேலிக்குத் தாவின. ஃபோர்மேன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"இன்ஜினியர்கிட்ட எம் பேரைச் சொல்லலையாமே?"

தலையாட்டினேன்.

"கிறுக்குப் பய" என்று முதுகில் ஒன்று வைத்தார்.