பின் இருக்கையில் சைக்கிள்

சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் இருக்கும் அந்த வீட்டில் கார் ஓட்டும் உரிமம் நிரஞ்சனா ஒருத்தியிடம்தான் உண்டு. அவள் கணவர் ரகுபதி மூன்று முறை தேர்வுக்குப் போய் மூன்று முறையும் தோற்றவர். கேட்டால் இன்றைக்கும் தேர்வதிகாரியைத்தான் திட்டுவார். நிரஞ்சனா நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டு, முதல் தடவையிலேயே தேறினாள். கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை பார்த்து, பழைய சின்னக் கார் ஒன்றையும் வாங்கினாள். அதில் முதலில் ஏறி உட்கார்ந்தது அவளுடைய அக்கா சரஸ்வதி. விரைவுச்சாலை முழுக்க அக்கா கதவுக் கைப்பிடியை விடவே இல்லை. இறங்கியதும் மட்டும், “பயமாவே இல்ல லா, நல்லாத்தான் ஓட்டுறே” என்று புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

பிறகு அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கால் மடங்காது. முன் இருக்கையில் காலை வைக்க வழியில்லை. பின் இருக்கையில் குறுக்காக நீட்டிக்கொண்டுதான் வர முடியும். சக்கர நாற்காலி டிக்கியில் போகும். தீவின் மேற்கே பூன் லேயில் பணிப்பெண் சீத்தியோடு இருக்கும் அக்காவுக்கு வாரத்தில் வெளியுலகம் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமை கார் ஒன்றுதான். மகன் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறான். தொலைபேசியில் முகம் காட்டுவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா குளித்து, புடவை கட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வந்துவிடுவாள். வீட்டிலேயே இருக்கலாம், வந்ததும் கூப்பிடுகிறேன் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டாள். கீழே உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டு ஃபாத்திமாவுக்கும் மற்றவர்களுக்கும் தங்கச்சி கார் வந்து நிற்பதைக் காட்ட வேண்டும். அதுவும் அவளுடைய ஞாயிற்றுக்கிழமையில் சேர்த்தி.

ரகுபதிக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, உடம்பை அசைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்ன மாதத்தில் ஃபேட் பைக் என்கிற அந்தச் சைக்கிள் வீட்டுக்கு வந்தது. மோட்டார் சைக்கிளுடையதைப் போலத் தடித்த சக்கரங்கள். மணலிலும் சேற்றிலும் புதையாமல் போகும் என்று அலுவலக நண்பர் கேசவன் சொல்லி வாங்கியது. வீட்டிலிருந்து இறங்கினால் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் போட்ட பூங்கா இணைப்புப் பாதை இருக்கிறது. அதில் அவர் ஒரு நாளும் ஓட்டவில்லை. கேசவன் கூட்டத்தோடு கிராஞ்சிப் பக்கத்து மண்பாதைக்குப் போக வேண்டும், அதற்குச் சைக்கிள் காரில் போக வேண்டும். காரின் பின்னால் மாட்டும் தாங்கி ஒன்றை வாங்கிப் பார்த்தார்கள். சக்கரம் அதன் பள்ளத்தில் உட்காரவே இல்லை, பட்டியும் சுற்றி எட்டவில்லை. கடைசியில் ஒரே வழிதான் மிஞ்சியது. பின் இருக்கையை மடக்கிப் படுக்கவைத்து, முன் சக்கரத்தைக் கழற்றி, பழைய போர்வை விரித்து, சங்கிலி மேலே பார்க்க சைக்கிளைச் சாய்த்துக் கிடத்த வேண்டும். ரகுபதிக்கு இடுப்பு வலி. கழற்றுவது, தூக்குவது, கிடத்துவது எல்லாம் நிரஞ்சனாதான்.

ஒருமுறை கிராஞ்சியில் அவள் காருக்குள் பாதி நுழைந்து சைக்கிளை இழுத்துக்கொண்டிருந்தபோது வெளியே யாரோ ரகுபதியிடம் எப்படி வந்தீர்கள் என்று கேட்டார்கள். “வண்டி ஏற்பாடு பண்ணியிருக்கேன்” என்றார் அவர். நிரஞ்சனா சைக்கிளோடு வெளியே வந்து சிரித்துவைத்தாள். கேட்டவரும் சிரித்தார்.

அக்காவின் ஞாயிறு முதலில் மத்தியானத்துக்குத் தள்ளிப்போனது. பிறகு ஒருவாரம் விட்டு ஒருவாரம் ஆனது. அக்கா தீபாவளிக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் கேட்டாள். லிட்டில் இந்தியாவுக்குப் போக வேண்டும், விளக்கு அலங்காரம் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, கடையில் உட்கார்ந்து தோசை சாப்பிட வேண்டும், புடவையைத் தன் கையால் தொட்டுப் பார்த்து எடுக்க வேண்டும். நோய் வந்த பிறகு அவளுக்குச் சீத்தி எடுத்ததுதான் தீபாவளிப் புடவை.

கட்டாயம் போகலாம் என்றாள் நிரஞ்சனா. ரகுபதியும் சம்மதித்தார். காலையில் கிராஞ்சி, சீக்கிரமே திரும்பி வீட்டில் சைக்கிளை இறக்குவது, இருக்கையை நிமிர்த்துவது, பிறகு பூன் லே.

அன்று கேசவன் கூட்டம் சேற்றில் நின்று படம் எடுத்தது. பிறகு காப்பிக் கடையில் உட்கார்ந்தது. நிரஞ்சனா காரில் உட்கார்ந்தபடி ரகுபதியைத் தொலைபேசியில் இரண்டு முறை கூப்பிட்டாள். இதோ வந்துவிட்டேன் என்றார். அவர் வந்து சேர்ந்தபோது அக்கா கீழே இறங்கியிருப்பாள் என்பது நிச்சயம். ஆங் மோ கியோவுக்குப் போய்த் திரும்ப நேரமில்லை.

“நேரா போயிடு. பின்னாடி எப்படியாவது அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்.”

பின்னால் எதையும் அட்ஜஸ்ட் செய்ய முடியாது என்பது அவளுக்குத் தெரியும். சைக்கிளைக் கிடத்தியவளே அவள்தான். இருந்தும் வண்டியைப் பூன் லே பக்கம் திருப்பினாள். தாமதமாகும் என்று அக்காவிடம் தொலைபேசியில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அக்கா மயில்கழுத்து நிறப் பட்டு உடுத்தியிருந்தாள். ஃபாத்திமா பக்கத்தில் நின்று அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கார் நின்றதும் சீத்தி வழக்கம்போல நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து பின் கதவைத் திறந்தாள். அக்காவின் முகத்துக்கு நேராகச் சேறு சொட்டும் சக்கரம். சீத்தி கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

ரகுபதி முன் இருக்கையிலிருந்து இறங்கவில்லை. தலையை மட்டும் திருப்பினார்.

“அக்கா, இன்னைக்கு லேட்டாயிடுச்சு. அடுத்த வாரம் கண்டிப்பா போலாம், சரியா?”

நிரஞ்சனா இறங்கி ஓடினாள். டாக்சி கூப்பிடுகிறேன், நானும் கூடவே வருகிறேன், அவர் இங்கேயே இருக்கட்டும் என்று என்னென்னவோ சொன்னாள். அக்கா அவளைப் பார்க்கவில்லை, கீழ்த்தளத்துப் பெஞ்சுகளைப் பார்த்தாள். அங்கே எல்லோரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

“வேணாம். கதவைச் சாத்து. சைக்கிள் விழுந்துடப் போவுது” என்றாள் அக்கா.

மறு ஞாயிறு நிரஞ்சனா தனியாக வந்தாள். காரைக் கழுவியிருந்தாள், பின் இருக்கையில் புதுத் துணி விரித்திருந்தாள். கீழ்த்தளத்தில் அக்கா இல்லை. மாடிக்குப் போனபோது அக்கா வீட்டு உடையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. சீத்தியிடம் தேநீர் போடச் சொன்னாள். பிறகு ஒரு பையை எடுத்துவரச் சொன்னாள்.

ஃபாத்திமாவின் மகன் ஃபாரூக் வாடகை வேன் ஓட்டுகிறான். நாற்காலியோடு அப்படியே ஏற்றிக்கொள்ளலாமாம். வியாழக்கிழமை எல்லோருமாகப் போய்வந்திருக்கிறார்கள். ஃபாத்திமா தோசையை விட வடையை ருசித்துச் சாப்பிட்டாளாம். விளக்கும் பார்த்தாயிற்று. அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். பையிலிருந்து இரண்டு புடவைகள் வந்தன.

“பச்சை உனக்கு. கலர் புடிக்கலேன்னா மாத்திக்கலாம், பில்லு வச்சிருக்கேன்.”

நிரஞ்சனா பச்சைப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பிரித்துப் பார்க்கக் கை போகவில்லை.

“இனிமே ஞாயித்துக்கெழம நீ அலைய வேணாம்” என்றாள் அக்கா. “ஃபாரூக்குக்கிட்ட சொல்லிட்டேன். அவனுக்கு முன்கூட்டியே சொன்னாத்தான் வசதி.”

“அக்கா, இன்னைக்கு இடம் இருக்குக்கா. வா, சும்மா ஒரு சுத்துப் போய்ட்டு வரலாம்.”

“இன்னைக்குக் கால் வலிக்குது” என்று அக்கா தொலைக்காட்சி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நிரஞ்சனா தேநீரைக் குடித்துமுடித்தாள். கோப்பையைக் கழுவி வைக்கப் போனவளிடமிருந்து சீத்தி அதை வாங்கிக்கொண்டாள், விருந்தாளியிடமிருந்து வாங்குவதைப் போல.

ஆங் மோ கியோவில் கார் நிறுத்துமிடத்தில் ரகுபதி சைக்கிளோடு நின்றிருந்தார். கையுறை வரை மாட்டியாயிற்று. கேசவன் கூட்டம் சாயங்காலம் கூடுகிறதாம். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. காருக்குள் எட்டிப் பார்த்தார்.

“அக்கா வரலையா? அப்ப நல்லதாப் போச்சு. ஏத்திடலாம்.”

“ஓட்டிக்கிட்டுப் போங்க” என்றாள் நிரஞ்சனா.

“கிராஞ்சிக்கா? அவ்ளோ தூரம் எவன் ஓட்டுவான்?” என்று சிரித்தார். அவள் வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்தார்.

அவள் காரைப் பூட்டினாள், சாவியைக் கைப்பைக்குள் போட்டாள், மின்தூக்கி இருக்கும் பக்கம் நடந்தாள். பின்னாலிருந்து அவர் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு, என்ன ஆச்சு உனக்கு, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க என்றார். நண்பர்களைச் சொன்னார்.

மேலே வீட்டு வாசல் நடைபாதையிலிருந்து கீழே குனிந்து பார்த்தாள். ரகுபதி இன்னும் காருக்குப் பக்கத்திலேயே நின்று யாரிடமோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார், அநேகமாகக் கேசவனிடம். வண்டிக்குக் கோளாறு என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவரை நிற்கவைத்ததில் அவளுக்குச் சந்தோஷம் எதுவும் வரவில்லை. இதை ஒரு வாரம் முன்னால், கிராஞ்சியில், காப்பிக் கடை வாசலில் செய்திருக்கலாம். இப்போது கார் காலியாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை முழுதும் அவளுக்கே இருக்கிறது, போவதற்கு இடம்தான் இல்லை.