அண்ணி வறுத்த வெள்ளெலிக் கறி

2004-ஆம் வருடம், மாசி மாதம். கல்யாணமாகி நான் விருத்தாசலத்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் கணவருக்குப் பீங்கான் சூளையில் வேலை. அவருடைய அக்கா, அதாவது என் அண்ணி, பக்கத்துப் பட்டறையில் பீங்கான் பொம்மைகளுக்குச் சாயம் பூசுவார். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

எனக்கும் அவருக்கும் அப்போது பேச்சு கிடையாது. சமையலறையில் யார் சொல்வது நடக்க வேண்டும் என்பதில் ஆரம்பித்த சண்டை. ஒருநாள் அண்ணி, சூளையில் கழித்துப் போட்ட செங்கல்லைக் கொண்டுவந்து கொல்லையில் தனியாக அடுப்பு வைத்துக்கொண்டார். என் கணவர் உள்ளே இட்லி, வெளியே கஞ்சி என்று இரண்டு பக்கமும் சாப்பிட்டுச் சமாளித்தார், பாவம்.

இந்த நேரத்தில்தான் எனக்கு மசக்கை. சோறு கொதிக்கிற வாசம் பட்டாலே வாந்தி. தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. இரண்டு தடவை குளுக்கோஸ் ஏற்றினார்கள். இப்படியே போனால் குழந்தைக்கு ஆகாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சிதம்பரத்திலிருந்து என் அம்மா வந்து அழைத்துப்போவது என்று முடிவானது. துணியை மடித்துப் பையில் வைத்துவிட்டுப் படுத்துக் கிடந்தேன். போனால் திரும்பி வர மனசு வருமா என்றே தெரியவில்லை.

மத்தியானம், ஜன்னல் வழியாக ஒரு வாசம் வந்தது. கொல்லையில் மல்லாட்டை போட்டிருந்தோம். நிலக்கடலையை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். காய் பிடித்ததும் வெள்ளெலிகள் வந்து வளை தோண்டிவிடும். கடலை தின்றே கொழுத்தவை. அண்ணி வளைக்குள் புகை போட்டுப் பிடித்து, தீயில் வாட்டிச் சுரண்டி, மஞ்சள் தடவி, சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு நல்லெண்ணெயில் வறுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் அம்மா வீட்டில் எலிக்கறி என்றாலே முகம் சுளிப்பார்கள். எனக்கோ அன்றைக்குக் குமட்டவில்லை. எச்சில் ஊறியது. எத்தனையோ நாள் கழித்துப் பசி எடுத்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டே போய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணி, எனக்குக் கொஞ்சம் குடுங்க."

அவர் நிமிரவில்லை. "எலிம்மா இது. தெரிஞ்சுதான் கேக்குறியா?"

"தெரியுது. குடுங்க."

விரிசல் விட்ட பீங்கான் தட்டு ஒன்றில் கொஞ்சம் சோறும் கறியும் வைத்தார். "எலும்பு மெல்லிசு. மெதுவா மென்னு தின்னு" என்றார். தின்றேன். வாந்தி வருமோ என்று காத்திருந்தேன். வரவில்லை. மறுபடி தட்டை நீட்டினேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா வந்து நின்றார்.

"என்னாடி கறி அது?"

அண்ணி கரண்டியை வைத்துவிட்டு எழுந்தார். "வெள்ளெலிங்க. நாந்தான் குடுத்தேன். எதுவா இருந்தாலும் என்னைக் கேளுங்க."

அம்மா என் தட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "வாந்தி எடுத்தியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அண்ணியிடம் திரும்பி, "சட்டியில இன்னும் இருக்குதாம்மா?" என்றார்.

மிச்சத்தையும் வழித்து என் தட்டில் போட்டார் அண்ணி.

"ஒனக்கு வேணாமா?" என்று அண்ணியைக் கேட்டார் அம்மா.

"இன்னிக்கு சனிக்கெழமங்க. நான் கவுச்சி தொடமாட்டேன்."

எனக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. கணவரும் வீட்டில் இல்லை, சூளையிலிருந்து மறுநாள்தான் வருவார். அப்படியானால் இந்தக் கறி யாருக்கு? எப்போதும் கிணற்றடிக்கு அந்தப் பக்கம் எரிகிற அடுப்பு, அன்றைக்கு என் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். "அழுவாத, அப்பறம் அதுவும் வெளிய வந்துடும்" என்று அதட்டினார்.

மறுநாள் அம்மா தனியாகத்தான் பஸ் ஏறினார். "ஒன்ன நம்பித்தாம்மா வுட்டுட்டுப் போறேன்" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனார். கடலை பறிக்கும்வரை அடிக்கடி அந்த வறுவல்தான். பிறகு ரசம் சோறு, இட்லி என்று ஒவ்வொன்றாக வயிறு ஏற்றுக்கொண்டது. நல்லபடியாகப் பெண் பிறந்தாள்.

அந்தக் கொல்லை இப்போது மனையாகிவிட்டது. அண்ணியும் இல்லை. பேசாமல் இருந்த அத்தனை நாளும், உள்ளே நான் வாந்தி எடுப்பதை வெளியே உட்கார்ந்து அவர் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார் என்பதை நினைத்தால், எவ்வளவு கோபம் வந்தாலும் யாரோடும் பேச்சை நிறுத்த எனக்கு மனசு வருவதில்லை.