கட்டி என்று நான் சொன்னது

கோவில்பட்டியில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் செய்து கொடுப்பது என் வேலை. அங்கே கட்டி என்றால் இத்தனை சென்டிமீட்டர், அவ்வளவுதான். பக்கத்துத் தெருக் கடலைமிட்டாய்க் கம்பெனியில் கட்டி என்றால் வெல்லம். தட்டி உடைத்துப் பாகு காய்ச்சுவார்கள். எங்கள் ஊர்ப் பெண்களுக்கோ அது பத்துப் போட்டுப் பழுக்க வைக்கிற சமாச்சாரம். ஒரே சொல், ஆளாளுக்கு ஒரு வைத்தியம். இதையெல்லாம் யோசிக்கிற புத்தி அன்றைக்கு எனக்கு இல்லாமல் போயிற்று.

போன சித்திரையில் அப்பாவுக்குத் தீராத வயிற்றுவலி. எங்கள் சென்டரிலேயே ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, குடலில் புற்றுநோய் மாதிரி தெரிகிறது, உடனே மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார். கெட்ட சேதியை வீட்டுப் பெண்கள் தலையில் இறக்கிவைத்துவிட்டு டாக்டர்கள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். வெளியே பெஞ்சில் அப்பா காத்திருந்தார். அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வயித்துல ஒரு கட்டி இருக்காம்ப்பா. மதுரைக்குப் போய்க் காட்டணும்."

அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. நாகலாபுரத்துக் கரிசலில் ஆயுசுக்கும் மானாவாரி வெள்ளாமை பார்த்தவர். கோடை உழவில் பாளம் பாளமாகப் பெயரும் மண்கட்டியை அங்கே யாரும் உடைப்பதில்லை. வெயிலில் காய விட்டுவிடுவார்கள். இரண்டு மழை விழுந்தால் தானாக உதிர்ந்துவிடும்.

"வெறும் கட்டிதான? அதப் போட்டு நோண்டப்படாது, ஏட்டி. விதைப்பு முடியட்டும், பாப்போம்."

நச்சரித்தேன், சண்டை போட்டேன், அழுதேன். புற்று என்று மட்டும் சொல்லவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டு அப்பாவைக் கெடுத்தேன்.

ஐப்பசியில் மழை நன்றாகவே பெய்தது. விதைத்து முடித்து அப்பா மதுரைக்குக் கிளம்பியபோது அவர் இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. ஈரலுக்குப் பரவிவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

இப்போது கஞ்சிகூட இறங்குவதில்லை. பார்க்க வருகிறவர்கள் வாசலில் நின்று குசுகுசுக்கிறார்கள். நேற்று அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாறவியல்லாம் என்னென்னமோ பேசுதாவ. நீ அங்கனயே வேல பாக்குத பிள்ள. நீ சொன்னதத்தான் நம்பிக் கெடக்கேன்."

"சரியாப் போயிரும்ப்பா" என்றேன்.