கண்ணளவு மருந்து

பாதியாக ஒடித்த சவர பிளேடு. கையை அறுக்காமல் இருக்க ஒரு முனையில் பிளாஸ்திரி சுற்றியிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்த்த மருந்துக் கடையில், இதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தைகளுக்கு மருந்து அளந்தது அதுதான். தராசு இல்லாமல் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பூசைச் சாமான் மாதிரி பத்திரமாக இருந்தது. கம்பவுண்டர் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. செத்துப்போனார் என்பதற்காக இப்போது பிடித்ததாகச் சொல்ல மாட்டேன். எண்பதுகளின் நடுவில், பத்தாவது முடித்த கையோடு அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். இதயத்துக்கான மாத்திரை பெரியவர்களுக்கென்று செய்தது. கைக்குழந்தைக்கு டாக்டர் எழுதுவது அதில் எட்டில் ஒரு பங்கு. இவர் இரண்டு மாத்திரையைக் கல்வத்தில் போட்டு நுணுக்கி, சீனிப்பொடி கலந்து, கண்ணாடித் தட்டில் நீளமாகப் பரப்பி, பிளேடால் பதினாறு கூறு போடுவார். நான் தாளில் மடிப்பேன். ஓரத்துக் கூறு எப்போதும் கொழுத்திருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றால், “ஏட்டி, வெறிச்சுப் பாக்காம மடி. பஸ்ஸுக்கு ஆளு நிக்கி” என்பார். மடித்தேன்.

இதே மருந்து மதுரையில் தண்ணி மருந்தாக, கோடு போட்ட சொட்டுக்குழாயோடு கிடைத்தது. கடை முதலாளியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “அதக் கேட்டு இந்த ஊர்ல எம்புட்டுப் பேரு வாராக? பாட்டில் சும்மா கெடந்து தேதி முடிஞ்சு போகும்” என்றார். கம்பவுண்டருக்கு அந்தப் பேச்சே அவமானம். “எங்கையி இருக்கையில சொட்டுக்குழா எதுக்குட்டி?”

வாரம் தவறாமல் பொட்டலம் வாங்க வருகிற ஒருத்தி இருந்தாள். இராஜபாளையத்தில் புண்ணுக்குக் கட்டுகிற துணி செய்யும் கம்பெனியில் மடிப்பு வேலை. ஆறு மாதப் பெண் குழந்தை. ஒருநாள் வாரத்தின் நடுவிலேயே வந்து நின்றாள். குழந்தையின் தலை தோளில் துவண்டு கிடந்தது.

“நேத்துலருந்து பால் குடிக்க மாட்டேங்கு. எல்லாத்தையும் கக்குது. கண்ணத் தொறக்கல அண்ணாச்சி.”

அவர் நிமிரக்கூட இல்லை. “கசப்பு தாயி, அதான் கக்குது. கக்குனா இன்னொரு பொட்டலத்தத் தேன்ல கொழச்சுக் குடு.”

“நீங்க போன வாரம் சொன்னீகள்ல, அப்படித்தான் ரெண்டுவாட்டி குடுத்தேன்.”

சொல்லிவிட்டு முந்தானையில் முடிந்திருந்த மிச்சப் பொட்டலங்களை எடுத்தாள். ஒவ்வொன்றாகப் பிரித்து மேசைமேல் வரிசையாக வைத்தாள். ஒன்று இன்னொன்றைப்போல் இரண்டு மடங்கு இருந்தது.

“இதுவும் ஒருவேள மருந்து, இதுவும் ஒருவேள மருந்தா?”

“முப்பது வருசக் கை இது.”

“துணில ஒரு மடிப்பு கொறஞ்சா எங்க சூப்பர்வைசரு மூஞ்சில விட்டெறியுதான். புண்ணுல கட்டுத துணிக்கு அம்புட்டுக் கணக்கு. எம்புள்ள நெஞ்சுக்குக் கண்ணளவா? நீயெல்லாம் ஒரு கம்பவுண்டரு!”

அப்படியே மதுரை பஸ் ஏறிவிட்டாள். அங்கே ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, மருந்து கூடிப்போய் நாடித் துடிப்பு பாதியாகியிருந்ததாம். கக்கினால் திரும்பக் கொடுக்கவே கூடாத மருந்தாம். பிள்ளை பிழைத்துவிட்டது என்று அவளோடு வேலை பார்த்த ஒருத்தி பின்னால் வந்து சொன்னாள். அவள் அதற்குப் பிறகு எங்கள் கடைப்பக்கம் வரவில்லை. வந்திருந்தால் அவள் முகத்தில் விழித்திருக்க முடியாது.

அன்றைக்கு அவள் போனதும் கம்பவுண்டர் என்ன செய்தார் தெரியுமா? மேசையில் கிடந்த பொடியைத் தாளால் கூட்டி அள்ளினார். “வாயப் பாத்தியா அவளுக்கு” என்றார். மறுபடி தட்டில் பரப்பி, அதே பிளேடால் கூறு போட்டார். நானும் உட்கார்ந்து மடித்தேன். தொண்ணூறுகளில் கல்யாணமாகிப் போகிறவரை மடித்தேன். அவர்மேல் உள்ள கோபத்தில் பாதி என்மேல்தான்.

போன மாதம் இராஜபாளையத்தில் ஒரு மருந்துக் கடையில் நின்றேன். காய்ச்சலுக்கு ஆரஞ்சு வாசனை, இருமலுக்கு ஸ்ட்ராபெரி வாசனை, எல்லாவற்றுக்கும் கோடு போட்ட மூடி. பரவாயில்லையே என்று நினைத்தேன். பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒருவன் சீட்டை நீட்டினான். இதய மாத்திரை, கால் கால் பங்கு. கடைப் பெண் மேசை இழுப்பறையைத் திறந்து பாதி பிளேடு ஒன்றை எடுத்தாள். ஒரு முனையில் பிளாஸ்திரி.

வெட்டி முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். நாலில் ஒன்று கொழுத்திருந்தது. பிறகு துண்டுகளை என் பக்கம் இழுத்தேன்.

“அம்மா, தள்ளுங்க. ஆளு நிக்கி” என்றாள்.

“நிக்கட்டும்” என்றேன். நாலு துண்டையும் அந்தத் தகப்பன் கண்ணெதிரே வரிசையாக வைத்தேன்.