தாய்சேய் கிளினிக்கில் குப்பம்மாள்

மலேசியாவில் சுங்கை புரோங் பக்கம் ஒரு தாய்சேய் கிளினிக்கில் நான் தாதியாகச் சேர்ந்த முதல் நாள், சிஸ்டர் என் பெயரைச் சத்தமாக வாசித்தார். மலாய்க்காரர்கள் பெயரைக் கேட்டதும் அர்த்தம் கேட்பார்கள். அவர்களுக்கு நூர் என்றால் ஒளி, அமினா என்றால் நம்பிக்கைக்குரியவள். குப்பம்மாள் என்றால் என்ன என்று கேட்டார்கள். குப்பை என்று சொல்ல வெட்கம். தங்கம் என்று சொல்லிவிட்டேன். மலாயில் எமாஸ். இங்கே தாதி என்றால் மிஸ்ஸி; மதியத்துக்குள் எல்லோருக்கும் நான் மிஸ்ஸி மாஸ். நேம் டேக்கிலும் அதையே போட்டுக்கொண்டேன். ரிட்டையர் ஆகும் வயது நெருங்கும்வரை அப்படியே ஓடிவிட்டது.

எனக்கு முன்னால் அம்மாவுக்குப் பிறந்ததெல்லாம் தங்கவில்லை. அதனால் நான் பிறந்ததும் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருந்த குப்பைமேட்டில் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்னை எடுத்துப் போக, அம்மா ஒரு பிடி தவிடு கொடுத்து அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாராம். குப்பை என்று நினைத்து எமன் எட்டிப் பார்க்க மாட்டான் என்பது கணக்கு. இது தெரிந்தும் எனக்கு வெட்கம் போகவில்லை.

போன வருடம் லோகேஸ்வரி என்ற பெண் கைக்குழந்தையோடு வந்தாள். முதல் இரண்டையும் பறிகொடுத்தவள். கணவன் குமரனுக்கு ரவாங்கில் ஃபேக்டரி வேலை. குழந்தையை எடை போடும்போதே இருவருக்கும் வாக்குவாதம்.

"குப்பம்மான்னு கூப்பிடணுமாம் மிஸ்ஸி. இந்தக் காலத்துல யாரு லா அப்படி வைக்கிறா? ஸ்கூல்ல மத்த பிள்ளைங்க சிரிக்கும்" என்று குமரனே சிரித்தான்.

லோகேஸ்வரி என்னைத்தான் பார்த்தாள். "மிஸ்ஸி, அந்தப் பேரு வெச்சு உசுரோட இருக்கறவங்க யாரையாச்சும் பாத்திருக்கீங்களா? ஒரே ஒருத்தர் இருந்தாப் போதும். நான் தூங்கிருவேன்."

சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லாத ஒரு குப்பம்மாளாக நான் அவளுக்கு எதிரே கல்லு மாதிரி நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்திருந்தால் முடிந்திருக்கும். குமரன் என்னைப் பார்த்தும் சிரிப்பானே என்று, சுத்தமாக இருந்த எடை மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பதில் பக்கத்து மேசையிலிருந்து வந்தது. மிஸ்ஸி லிம் சீனர்; எஸ்டேட் கடையில் வளர்ந்தவர், நம்மைப் போலவே தமிழ் பேசுவார்.

"எங்க தாத்தா பேரு ஆ காவ். நாய்னு அர்த்தம். அவருக்கு முன்ன பொறந்தது எல்லாம் செத்துப்போச்சு. நாய்னு கூப்பிட்டா பேய் தூக்கிட்டுப் போவாது லா. பேரப்பிள்ளைங்க கல்யாணம் எல்லாம் பாத்துட்டுத்தான் போனாரு."

லோகேஸ்வரியின் முகம் தெளிந்தது. என்னால் தலை நிமிர முடியவில்லை. நான் கொடுக்க வேண்டியதை மிஸ்ஸி லிம் தன் தாத்தாவைக் கொண்டு கொடுத்துவிட்டார். என்னை நினைத்து எனக்கே அசிங்கமாக இருந்தது. புதிதாகத் தாதி வேலைக்கு வரும் பிள்ளைகளே, தாய்மார் கேட்பது மருந்து சமாச்சாரம் மட்டும் இல்லை. உங்களிடம் இருப்பதைக் கேட்டால் ஒளிக்காமல் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த ஊசிக்குக் கணவன் இல்லாமல் லோகேஸ்வரி மட்டும் குழந்தையோடு வந்தாள். பிறப்புப் பத்திரத்தில் குழந்தையின் பெயர் லக்‌ஷனா.

"வீட்ல கூப்பிடற பேரு வேற" என்று குரலைத் தாழ்த்தினாள். "குப்பம்மா. சிரிக்காதீங்க மிஸ்ஸி."

நேம் டேக்கைக் கழற்றி மேசையில் வைத்தேன். "எம் பேரும் அதாம்மா. குப்பம்மாள். வேணும்னா அடையாள அட்டை, ஐசி காட்டறேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள் என்று பயந்தேன். கேட்கவில்லை. அது இன்னும் சுட்டது. குழந்தையை என் கையில் கொடுத்தாள்.

"நீங்க கூப்பிடுங்க மிஸ்ஸி. வெளிய வெச்சு சத்தமா இன்னும் யாரும் கூப்பிடல. அவரு விட மாட்டேங்கறாரு."

ஹாலில் கூட்டம். மிஸ்ஸி லிம் உட்பட எல்லோரும் இருந்தார்கள். கூப்பிட்டேன். பழக்கம், பாதிப் பெயரிலேயே குரலைத் தாழ்த்திவிட்டேன்.

"இன்னொரு தடவை மிஸ்ஸி" என்றாள் லோகேஸ்வரி. "அவளுக்குக் கேக்கட்டும்."