பால் கவரில் ஒரு வேளைச் சாப்பாடு

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளி விட்டதும் ஜெசிந்தா என் மேசைமேல் ஒரு பால் கவரை வைத்தார். கழுவிக் காயவைத்து, வாயை நூலால் கட்டிய கவர். உள்ளே பழுப்பு நிறத்தில் ஏதோ பொடி. "திங்கக்கிழமை சொல்லணும் சார்" என்றார். ஞாயிற்றுக்கிழமை அதில் தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் பொறுத்து, சாப்பிட்டு, என் கருத்தைத் தயார் செய்துகொண்டேன். மறுநாள் அதைச் சொல்லலாமென்று பள்ளிக்குள் நுழைந்தபோது வாட்ச்மேன் எழுந்து நின்றார். வழக்கமாக அவர் எனக்காக எழுவதில்லை. "ஜெசிந்தா மிஸ் விடியக்காலைல தவறிட்டாங்க சார். ஹார்ட்டாம்" என்றார். என் கருத்து என்னிடமே நின்றுவிட்டது.

இந்த மலரைப் படிக்கும் பழைய மாணவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆஸ்டின் டவுனில் உள்ள எங்கள் பள்ளியின் வேதியியல் ஆய்வக உதவியாளர் அவர். வீடு மர்பி டவுனில். ஆசிரியர் இல்லை என்றாலும் பிள்ளைகள் 'மிஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் வருடம் திருத்திப் பார்த்தார், அப்புறம் விட்டுவிட்டார்.

எங்கள் பள்ளி டிசம்பரில் ஒன்பதாம் வகுப்பை மூன்று நாள் மலையேற்றத்துக்குக் கூட்டிப்போகும். முதல் தடவை துணைக்கு என்னை அனுப்பினார்கள். புவியியல் நடத்துகிறவருக்கு மலை தெரிந்திருக்கும் என்பது தலைமையாசிரியரின் எண்ணம். நான் மலைகளை வரைபடத்தில் பழுப்பு நிறமாக மட்டுமே சந்தித்திருந்தேன். சக்லேஷ்பூர் பக்கத்து மலையில் மூன்றாவது வளைவிலேயே டேனியல் என்ற பையன் மயங்கி உட்கார்ந்துவிட்டான். அவன் பையைத் திறந்தோம். குக்கர், ஐந்து கிலோ அரிசி, கண்ணாடி பாட்டிலில் மாங்காய் ஊறுகாய், இரண்டு முழுத் தேங்காய். காட்டில் தேங்காய் கிடைக்காது என்று அவன் அம்மா யோசித்திருக்கிறார். மற்ற பைகளும் அதே மாதிரி யோசிக்கப்பட்டவைதான். அங்கிருந்தே திரும்பினோம்.

இன்னொரு பிள்ளை மயங்கினால் மலையேற்றத்தை ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிடுவேன் என்றார் தலைமையாசிரியர். அந்தக் கம்பெனி வெள்ளித்தாள் உறையில் அடைத்த சாப்பாட்டோடு அழைத்துப்போகும். விளம்பரத் தாள் ஸ்டாஃப் ரூமில் சுற்றிவந்தது. அதிலிருந்த விலைக்கு வகுப்பில் பாதிப் பேர் மலையை என் வரைபடத்தில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

அன்று யாரும் கூப்பிடாமலே ஜெசிந்தா ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். "பையை நிறுத்தீங்களா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "காப்பர் சல்பேட்டையே நிறுக்காம குடுக்க மாட்டோம். பிள்ளைங்க முதுகுல நிறுக்காமலா ஏத்துனீங்க?" சமூக அறிவியல் துறை சார்பில் நான் விளம்பரத் தாளை மடித்து வைத்தேன்.

எடை குறைந்த சாப்பாட்டுக்காக அடுத்த ஒரு வருடம் அவர் சோதனை செய்தார், நான் சாப்பிட்டேன். அந்தப் பொறுப்புக்கு என்னை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டதற்கு, கேன்டீன் சாப்பாட்டைக் குறை சொல்லாமல் சாப்பிடும் ஒரே ஆள் நான்தான் என்றார். தயிரை வெயிலில் காயவைத்துப் பொடித்தார். அது சுவரில் உதிர்ந்த சுண்ணாம்பை நினைவூட்டியது. சோயா உருண்டைகள் எவ்வளவு ஊறினாலும் தங்கள் கொள்கையை விடவில்லை. ஹுரிஹிட்டு என்று கன்னடத்தில் சொல்லும் வறுத்த ராகி மாவு காலை உணவாகத் தேறியது, உலர்ந்தபடி வாயில் போட்டால் அன்று முழுவதும் பேச முடியாது என்ற ஒரு நிபந்தனையோடு. ஒரு தடவை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. "சும்னே நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க சார். அது மரியாதை. எனக்கு உப்பு சொல்லுங்க."

கடைசியில் தேறியது புளி அவல். அவலை ரவைபோல் உடைத்து, புளி, வெல்லம், மிளகாய்த்தூள், வறுத்த கடலை சேர்த்த பொடி. இங்கே கன்னடக்காரர்கள் வீடுகளில் எப்போதும் இருப்பதுதான். காட்டில் தீ மூட்ட அனுமதி இல்லை. இதற்குத் தீ வேண்டாம். தண்ணீர் ஊற்றினால் மூன்று மடங்காகும். ஒரு வேளைக்கு ஒரு பால் கவர். பள்ளியிலிருந்து மெஜஸ்டிக் பஸ் நிலையம் போய்வரும் செலவுக்குள் அது அடங்கியது. கவரின்மேல் எது எந்த வேளைக்கு என்று எழுதலாமே என்றேன். "மையும் எடைதான்" என்றார். அவர் சிரிக்காததால் நானும் சிரிக்கவில்லை.

இரண்டாம் வருடம் அவரும் துணைக்கு வந்தார். புறப்படும் காலையில், ஆய்வக வாசலில் தராசோடு நின்றார். அனுமதித்த எடைக்குமேல் எந்தப் பையும் பஸ்ஸுக்குப் போகவில்லை. முறுக்கு, தட்டை, ரவா உருண்டை, கருவாட்டு வறுவல், ஊறுகாய் எல்லாம் பறிமுதல். கிறிஸ்துமஸ் நெருங்கியதால் பாதிப் பைகளில் கல்கல் என்ற இனிப்புப் பலகாரம் இருந்தது. ஷர்மிளா என்ற பெண் டப்பாவை விடவில்லை.

"மிஸ், இது எங்கம்மா பண்ண கல்கல்."

"தெரியும். கரெக்டா திருப்பிக் குடுப்பேன்."

"ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் தின்னுட்டு டப்பாவைத் திருப்பிக் குடுப்பீங்க."

பின்னாலிருந்து ஒருவன், "விடு மச்சி, ஜியாக்ரபி சாருக்கும் பசிக்கும்ல" என்றான். நான் வானிலையைக் கவனிப்பதுபோல் நின்றேன்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. எல்லோருடைய பையையும் நிறுத்த ஜெசிந்தா தன் பையை மட்டும் தராசில் வைக்கவில்லை. பறிமுதல் முடிந்ததும் அரை மணி நேரம் ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்துவிட்டுத்தான் அதோடு வெளியே வந்தார். பஸ்ஸில் ஏற்றும்போது நான் அதைத் தூக்கப் போனேன். தூக்க முடியவில்லை. உள்ளே என்ன என்று கேட்டேன். "என் சாமான் சார்" என்றார். பிள்ளைகள் பையில் கிடந்த ஒரு நோட்டீஸ் தாளைக்கூட அதிக எடை என்று எடுத்து வைத்தவர் அவர். பயணம் முழுக்க எனக்கு மலையைவிட அந்தப் பைமேல்தான் கவனம்.

இதற்கிடையில் பஸ் ஹாசனைத் தாண்டுவதற்குள் பிள்ளைகள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். ஒரு கைப்பிடிப் பொடி ஒரு வேளைச் சாப்பாடாக இருக்க முடியாது. ஆகவே அது நொறுக்குத்தீனி. உலர்ந்த புளி அவல் மிக்சரைப்போல ருசியாக இருக்கும் என்பதையும் நாங்கள் எதிர்பார்க்கவில்லை. தங்களிடம் கொடுத்திருந்த அவல் கவர்களையெல்லாம் காலிசெய்துவிட்டு, மலையடிவாரத்தில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தார்கள். அவல் தன் கடமையைச் செய்தது. முதல் நாள் முழுவதும் இருபத்திரண்டு பிள்ளைகள் கர்ப்பிணிகளைப்போல இடுப்பில் கைவைத்து மலை ஏறினார்கள். "சார், வயிறு தானா பெருசாகுது" என்று டேனியலின் தம்பி என்னிடம் ரகசியமாகச் சொன்னான். அறிவியல் ஆசிரியரிடம் கேட்கச் சொன்னேன்.

மறுநாள் காலை ராகி மாவு இருந்தது. அதை மட்டும் யாரும் பஸ்ஸில் தொடவில்லை. மதியத்துக்கு ஒன்றுமில்லை. மாலையில் உச்சியை அடைந்தபோது யாரும் பேசவில்லை. ஒன்பதாம் வகுப்பு பேசாமல் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். ஷர்மிளா தலை சுற்றுகிறது என்று படுத்துவிட்டாள். அங்கே ஒரு பாறைமேல் ஏறினால்தான் போனில் சிக்னல் வரும். தலைமையாசிரியரிடம் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை என்று நான் ஏறினேன். அந்த அழைப்போடு மலையேற்றம் கம்பெனிக்குப் போய்விடும் என்று எனக்கும் தெரியும், ஜெசிந்தாவுக்கும் தெரியும்.

"இறங்குங்க சார். அட்டெண்டன்ஸ் எடுக்கணும்" என்றார்.

இறங்கினேன். அவர் தன் பையைத் திறந்தார். உள்ளே பால் கவர்கள். முறுக்கு, தட்டை, கல்கல், கருவாடு. பாட்டிலும் டப்பாவும் இல்லாமல் எல்லாம் கவருக்கு மாறியிருந்தன. மையும் எடை என்றவர், ஒவ்வொரு கவரிலும் சீட்டு ஒட்டிப் பெயர் எழுதியிருந்தார். வகுப்பில் கூப்பிடும் வரிசையில் ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஒவ்வொருவரும் "ப்ரெசென்ட் மிஸ்" என்று சொல்லித் தங்கள் அம்மா செய்ததை வாங்கிக்கொண்டார்கள். ஷர்மிளா படுத்தபடியே ப்ரெசென்ட் சொன்னாள், கல்கல்லைப் பார்த்ததும் உட்கார்ந்தாள். பறிமுதல் செய்ய ஒன்றுமே கொண்டுவராத மூன்று பேர் அந்த வகுப்பில் இருந்தார்கள். விடியுமுன் வேலைக்குப் போகும் வீடுகள் அவை. அவர்கள் பெயரும் வரிசையில் வந்தது, கவரோடு. அது யார் வீட்டுக் கல்கல் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வேறொன்றைக் கேட்டேன். திருப்பித் தருவதாகச் சொன்னதைப் பள்ளி அலமாரியில் வைத்தே செய்திருக்கலாமே என்றேன். "மூணு நாள் கழிச்சு ஆஸ்டின் டவுன்ல குடுத்தா அது வெறும் முறுக்கு சார்" என்றார். பையைக் கட்டி முதுகில் போட்டுப் பார்த்தார். "எடை பிள்ளைங்க தூக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். வரக் கூடாதுன்னு சொல்லலையே."

அதன்பின் பொடி உலர்ந்தபடி ருசிக்காதவாறு அவர் மாற்றினார். இதற்கே ஒரு வருடம் என் நாக்கு வேலை செய்தது. எந்தப் பிள்ளையும் மயங்கவில்லை, கம்பெனியும் வரவில்லை. ஆனால் தராசும் பறிமுதலும் ஒவ்வொரு டிசம்பரும் நடந்தன, உச்சியில் அட்டெண்டன்ஸும் நடந்தது. எனக்கு இன்றும் விளங்காத விஷயம், உங்களில் ஒருவர்கூட அடுத்த வகுப்பிடம் இதைச் சொல்லவில்லை என்பதுதான். ஒன்பதாம் வகுப்பு வேறெந்த ரகசியத்தையும் ஒரு பீரியட் தாண்டிக் காத்ததாக எனக்கு நினைவில்லை.

அடக்கத்துக்கு நீங்கள் பலர் வந்திருந்தீர்கள். மறுவாரம் தலைமையாசிரியர் பழைய விளம்பரத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு, இனி சாப்பாட்டை யார் பார்ப்பது என்று கேட்டார். ஜெசிந்தாவின் தவறுகள் அத்தனையையும் சாப்பிட்டவன் என்ற தகுதியில் நான் கை தூக்கினேன். ஜெசிந்தாவின் தங்கை அந்தப் பழைய பையை என்னிடம் கொடுத்தார். காலியாக இருக்கும்போது அது ஒன்றும் பெரிய கனமில்லை. டிசம்பரில் தராசோடு நிற்கப்போவது நான். பிள்ளைகளின் முறுக்கைப் பிடுங்கும்போது முகம் மாறாமலிருக்க எனக்குப் பயிற்சி தேவையில்லை. முதுகைப் பற்றித்தான் கொஞ்சம் சந்தேகம். இந்த வருடப் பிள்ளைகளிடம் வழக்கம்போல் எதுவும் சொல்லிவிடாதீர்கள்.

திங்கட்கிழமை சொல்லியிருக்க வேண்டியதை இங்கே சொல்லிவிடுகிறேன். புளி சரி. வெல்லம் சரி. உப்பு கொஞ்சம் குறைவு, ஜெசிந்தா.